குதிரை ஓடுகிற பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையை இந்திராணி ஈரத்துணியால் துடைத்தாள். ஈரம் ஆகாதே என்று உடனே காய்ந்த துணியால் துடைத்தாள். காய்ந்த துணியைப் போட்டுத் தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியாத அந்த மின்சாரம் உண்டாகும் என்று, கம்ப்யூட்டரை வீட்டிலேயே மாட்டக் கற்றுத்தருகிற வீடியோவில் அந்தப் பையன் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. துடைத்த துடைப்பை எப்படித் திரும்ப எடுப்பது? மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரமெல்லாம் டியூஷன் பிள்ளைகள் காம்பஸால் கீறிய இந்தி எழுத்துகளோடு அது வழக்கம்போல்தான் இருந்தது, ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு குட்டி மின்னல் பதுங்கிக்கொண்டிருக்கிறது என்று தோன்றிவிட்டது, தோன்றிய பிறகு அதைத் தோன்றாமல் செய்ய முடியவில்லை. உடம்பில் இருப்பதை இறக்க ஏதாவது இரும்பைத் தொட்டால் போதும் என்றும் அந்தப் பையன் சொல்லியிருந்தான். "பயப்படாதீங்க மக்களே" என்று ஆரம்பிப்பான், அதன் பிறகு பயப்படவேண்டிய விஷயங்களாகவே சொல்லிக்கொண்டு போவான். ஜன்னல் கம்பியைத் தொட்டாள். கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்ட் அடித்த இரும்பு இரும்பில் சேர்த்தியா, பெயிண்டில் சேர்த்தியா? பெயிண்ட் உரிந்த இடம் தேடி விரலை ஓட்டினாள். "எதுக்கு ஜன்னலைத் தடவிக்கிட்டு நிக்கறே?" என்று சாய்வு நாற்காலியிலிருந்து பேப்பருக்குப் பின்னால் கோதண்டபாணியின் குரல் வந்தது. "தூசி இருக்கான்னு பாக்கறேங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜன்னலில் தூசி இருக்கிறதா என்று அவள் பார்த்ததில்லை, இருக்கும் என்பது தெரிந்ததுதான், ஆனால் அவர் அதையும் நம்பினார். அவர் எதையும் நம்பிவிடுவார். அதுதான் கஷ்டம். கொஞ்சம் சந்தேகப்படுகிற மனுஷராக இருந்திருந்தால் இந்தப் பொய் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு தலையாட்டல். சாஸ்திரி ரோட்டுக் கடையில் அந்தக் கடைக்காரர் ஷாநவாஸ் கேட்டார், "கேமிங் கம்ப்யூட்டரா, பையனுக்காம்மா?" அவளுக்குத் தலை ஆடிவிட்டது. ஆமாம் என்றும் ஆடவில்லை, இல்லை என்றும் ஆடவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது ஆடுமே அப்படி. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அங்கே ஆடிய தலை வீட்டுக்கு வந்து கோதண்டபாணி முன்னால் ஆடியது, மாடியில் துணி காயப்போட வரும் எதிர்வீட்டு லலிதாவிடம் ஆடியது, கடைசியில் ஆடவேண்டிய அவசியமே இல்லாமல் ஊர் முழுக்க அது நிரஞ்சனின் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. நிரஞ்சன் அவர்களுடைய ஒரே பிள்ளை. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறான். விளையாட்டு என்ற வார்த்தையையே பிடிக்காத பிள்ளை, தீபாவளிக்கு வந்தவன் பட்டாசுச் சத்தத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஐந்தாண்டுத் திட்டங்களைப் படித்தான். போன தடவை இவள் போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல், மூக்கால் மட்டும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனான். அந்த மூச்சு இன்னும் இந்திராணியின் கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, இந்தி டீச்சர், தனக்கு விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? பையனுக்கு என்றால் தியாகம். தனக்கு என்றால் கொழுப்பு. சாமான் ஒன்றுதான்.

அட்டைப் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். மதர்போர்டுப் பெட்டியில் கேமிங் என்று ஒரு ராட்சச எழுத்து, பவர் சப்ளைப் பெட்டியில் கேமிங், எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுகிற கேபினெட்டின் அட்டையில் கேமிங் என்று போட்டு அதன் கீழே நெருப்புக் கக்குகிற ஏதோ மிருகம். கணக்கெழுத, கடிதம் அடிக்க என்று சொல்லித் தப்பிக்கவே வழியில்லாமல் எல்லாம் சேர்ந்து கத்தின. ஷாநவாஸிடம் அவள் லைட் இல்லாத, கண்ணியமான ஒரு கேபினெட்தான் கேட்டாள். "லைட் இல்லாததுதாம்மா விலை ஜாஸ்தி" என்றார் அவர். உங்க பட்ஜெட்டுக்கு இதுதான் என்று அவர் எடுத்துவைத்தது பக்கவாட்டில் கண்ணாடி போட்டு, முன்னால் மூன்று விசிறி வைத்து, ஒவ்வொரு விசிறிக்குள்ளும் வண்ண வண்ணமாக விளக்கு ஓடுகிற சமாச்சாரம். சிக்கனமாக இருக்க நினைத்தால் திருவிழாத் தேர் கிடைக்கிறது, இது என்ன நியாயமோ. வளையலுக்கென்று போட்ட சீட்டுப் பணம் முழுக்க இதில் இறங்கியிருந்தது. அப்படியும் பிராசசர் பெட்டியில்லாமல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துக் கொடுத்தது. கிராபிக்ஸ் கார்டு யாரோ ஆடித் தீர்த்தது. மானிட்டர் ஏதோ மூடிப்போன ஆபீஸிலிருந்து வந்தது, அதன் கீழ் ஓரத்தில் "தயவுசெய்து வரிசையில் வரவும்" என்று ஒட்டியிருந்த சீட்டை அவள் எத்தனை சுரண்டியும் முழுசாகப் போகாமல் "தயவுசெய்து" மட்டும் மிச்சமிருந்தது. பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கக்கூடாது, அதில் மிச்சம் பிடித்தால் எல்லாமே கருகிவிடும் என்று வீடியோப் பையன் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னதால் அது மட்டும் நல்லது. கடையிலேயே மாட்டித் தருவதற்கும் காசு கேட்டார்கள். அந்தக் காசில் ரேம் வந்துவிட்டது. அப்படித்தான் இந்த மேஜை, இந்த மின்னல், இந்த ஜன்னல் கம்பி.

எல்லாம் பெங்களூரில் ஆரம்பித்தது. தங்கை ரேவதி வீட்டுக்குப் போயிருந்தபோது, தங்கை வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தவர், போன் வந்ததும், "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல மவுஸை இவள் கையில் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். திரையில் ஒரு குதிரை. அதன் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். இவள் எதையோ அழுத்த, குதிரை மரத்தில் முட்டியது. வேறு எதையோ அழுத்த, அதே மரத்தில் மறுபடி முட்டியது. பிறகு எப்படியோ திரும்பி நடந்தது, புல்வெளியைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறியது, ஏறிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை, தூரத்து மலை கரைந்துபோகிற மழை. இந்திராணிக்குத் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது உடம்பு. அப்புறம்தான் உறைத்தது. மழை பெய்கிறது, கொடியில் துணி இல்லை. எடுக்கவேண்டியது எதுவும் இல்லை, மூடவேண்டிய ஜன்னல் இல்லை, வடகம் இல்லை, குடை எடுத்துக்கொண்டு போகாத யாரும் இல்லை. ஆயுசில் முதல் தடவையாக மழை சும்மா பெய்தது. அவள் திரும்ப உட்கார்ந்தாள். குதிரையும் அவளும் அந்த மேட்டிலேயே நின்று நனைந்தார்கள். போன் பேசி முடித்து வந்த தங்கை வீட்டுக்காரர், "போதுமா அக்கா?" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். "போதும் போதும்" என்றாள். பந்தியில் எழுந்துகொள்ளும்போது சொல்கிற போதும். திருச்சி வரும்வரை ரயிலில் அந்த மழையிலேயே இருந்தாள். அப்புறம் வந்த வருஷங்களிலும், பிள்ளைகள் இந்தியில் தப்புத் தப்பாக வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த மேட்டுக்கு அப்புறம் என்ன இருந்திருக்கும் என்று அவளுக்குத் திடீர் திடீரென்று தோன்றும்.

பிராசசரை எடுத்தாள். ஒரு பிஸ்கட் அளவுதான். அடியில் மயிரிழை மயிரிழையாக ஊசிக் காடு. இதில் ஒன்று வளைந்தால் போச்சு என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். வளைந்தால் போச்சு, வளைந்தால் போச்சு என்று அவளுக்குள் ஒரு பஜனை ஓடியது. ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், மதர்போர்டிலும் அதே முக்கோணம் இருக்கும், இரண்டையும் சேர்த்து வைத்தால் தானாக விழும், அமுக்கவே கூடாது. முக்கோணத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். பிராசசர் ஆணா பெண்ணா? எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது. இந்தியில் நாற்காலி பெண், வீடு ஆண், மழை பெண், குதிரை ஆண் என்று பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த வாய். "ஏன் மிஸ் நாற்காலி பெண்?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும், "அதெல்லாம் கேக்கப்படாது, மனப்பாடம் பண்ணு" என்பாள். பிராசசர் ஆணாகத்தான் இருக்கவேண்டும், தொட்டால் வளையும், வளைந்தால் வேலை செய்யாது, எல்லாவற்றையும் தானே செய்வதாகப் பேர். மதர்போர்டு விஷயத்தில் சந்தேகமே இல்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் வளையும், வளைந்தால் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். சத்தமில்லாமல் உள்ளே விழுந்தது. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமாக நடந்தால் அது தப்பாகத்தான் இருக்கவேண்டும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள், சமமாகத்தான் இருந்தது. கைப்பிடிக் கம்பியை இறக்கிப் பூட்டினாள். ரேமை அதன் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்தினாள். ஏதோ சத்தம் கேட்டதுபோலவும் இருந்தது, கேட்காததுபோலவும் இருந்தது. கேட்டது என்று வைத்துக்கொண்டாள்.

அடுத்தது பசை. பிராசசர் தலைமேல் சாம்பல் நிறப் பசையைப் பட்டாணி அளவு வைக்கவேண்டும், அதன்மேல் விசிறியை உட்கார்த்தவேண்டும். பட்டாணி அளவு. பச்சைப் பட்டாணியா, காய்ந்த பட்டாணியா? காய்ந்த பட்டாணியை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் இரண்டு மடங்கு, சமையலறைக்குள் போன எவருக்கும் தெரியும், இந்தப் பையன்கள் ஒருத்தனும் பட்டாணியைக் கையில் தொட்டதில்லை. கூடிப்போனால் வழிந்து நாசமாகும், குறைந்துபோனால் சூடேறிச் செத்துப்போகும். எழுந்து போய்ச் சமையலறை டப்பாவிலிருந்து ஒரு காய்ந்த பட்டாணியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபடி பசைக் குழாயை அழுத்த, முதலில் வரவே இல்லை, பிறகு கேட்காத அளவுக்கு வந்தது. ஊறிய பட்டாணி. இன்னும் சொன்னால் ஊறி முளைவிட்ட பட்டாணி. விரலால் கொஞ்சம் வழித்தாள். விரலில் இப்போது வெள்ளிப்பூண் போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் விசிறியைத் தூக்கிப் பசைமேல் இறக்கி, அது நகராமல் பிடித்துக்கொண்டே ஒரு திருகாணியைத் தேடுகிற அந்த நேரம் பார்த்து, கோதண்டபாணி பேப்பரை மடித்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார், "இரு, நிரஞ்சனுக்குப் போன் போட்டுச் சொல்றேன். அம்மா அவனுக்காக எவ்வளவு கஷ்டப்படறான்னு தெரிய வேணாமா?"

"வேணாங்க, படிச்சிட்டிருப்பான்" என்றாள். கையை விட்டால் விசிறி சரியும். விடாவிட்டால் போன் போய்விடும். போய்விட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், போனைக் காதில் வைத்தால் மின்சாரம் மூளைக்குப் போகும் என்று ஒரு எண்ணம். "நிரஞ்சா, அம்மா உனக்குக் கம்ப்யூட்டர் செஞ்சிட்டிருக்காடா, கையாலயே!" அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு, "எனக்கா? எனக்கு எதுக்குப்பா? நான் கேக்கவே இல்லையே." "விளையாடறதுக்குன்னு போட்டிருக்கேடா பெட்டியில." "அப்பா, எனக்கு எழுந்து மூஞ்சி கழுவ நேரமில்ல. அம்மாகிட்டயே கேளுங்க. வச்சிடறேன்." வைத்துவிட்டான். கோதண்டபாணி போனைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். இந்திராணி விசிறியைப் பிடித்துக்கொண்டு, போலீஸ்காரர் கையைத் தூக்கச் சொன்ன மாதிரி நின்றாள். சொல்வதற்குப் பொய் வரிசையாக வந்து நின்றது. டியூஷனுக்கு, இப்பல்லாம் எல்லாம் ஆன்லைன். உங்களுக்குத்தாங்க, ரிட்டயர் ஆனா பொழுது போகணுமே. ரேவதிக்கு, பெங்களூர்ல விலை ஜாஸ்தி. எல்லாம் நல்ல பொய்கள், எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அதனாலேயே எதையும் சொல்ல வாய் வரவில்லை. "அப்ப யாருக்குடி இது?" என்றார். "எனக்குங்க." "உனக்கு எதுக்கு?" "விளையாட."

அவர் எழுந்தார். லுங்கியை இறுக்கிக் கட்டினார். வாசல் பக்கம் போய்விட்டார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். எங்கே போவார், ஞாயிற்றுக்கிழமை, லுங்கியோடு? முனைக் கடைக்குப் போய் டீ குடித்துக்கொண்டே யோசிப்பார். யோசித்தால் வளையல் ஞாபகம் வரும். வளையலைத் தொட்டு அவங்கம்மா ஞாபகம் வரும், அவங்கம்மா ஆயுசில் ஒரு பல்லாங்குழிகூட ஆடியதில்லை என்பது ஞாபகம் வரும். மெதுவாக வந்து, கத்தாமல், "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்பார், அதற்குக் கத்தியிருக்கலாம். திரும்பக் கொடுத்துவிடலாம். ஷாநவாஸ் எடுத்துக்கொள்வார், பாதி விலைக்கு, பிராசசர் தலையில் முளைவிட்ட பட்டாணியோடு எவன் எடுப்பான்? லலிதாவிடம் என்ன சொல்வது? பையனுக்குப் பிடிக்கலையாம், வேற மாடல் கேக்கறான், என்று சொல்லலாம், அடடா, மறுபடியும் பார், உடனே அடுத்த பொய் தயார். திருகாணியைக் கண்டுபிடித்து முடுக்கிக்கொண்டிருந்தாள் இவ்வளவுக்கும் நடுவில். மனசு ஒரு பக்கம் வீட்டை விட்டே ஓடிக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு எதிரெதிர் மூலையாக, ஒரே பக்கம் இறுக்காமல், அந்தப் பையன் சொன்ன மாதிரியே முடுக்கியது. வாசலில் செருப்புச் சத்தம். கோதண்டபாணி உள்ளே வந்தார். கையில் அவளுடைய ரப்பர் செருப்பு, குழாயடியில் கழுவித் துடைத்தது. அவள் கால் பக்கத்தில் போட்டார். "இதைப் போட்டுக்கிட்டுச் செய். வெறுங்கால்ல நின்னு கரண்ட் சாமானைத் தொடறே."

"வெறுங்கால்லதான் நிக்கணுமாம்ங்க." "எவன் சொன்னான்? ஷாக் அடிச்சா என்னடி பண்றது?" "எனக்கு அடிக்காதுங்க. என்னாலதான் அதுக்கு அடிச்சிடும்." அவர் இதை யோசித்துப் பார்த்தார். வாலிபத்தில் ஒரு டேபிள் ஃபேன் அவரைத் தூக்கிச் சுவரோரம் போட்டதிலிருந்து, மின்சாரம் மனுஷனை அடிக்கும் என்பது தெரியும், மனுஷன் திருப்பி அடிக்கலாம் என்பது அவருக்குப் புது விஷயம். "எதுக்கும் போட்டுக்கோ" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வீடியோப் பையன் முகத்தையும் நினைத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "என்ன விளையாட்டு?" "குதிரைங்க." "ரேஸா?" "இல்ல, சும்மா போறது." "எங்க?" "எங்கயும் இல்ல." "அப்ப குதிரை எதுக்கு?" இந்திராணி மழையைப் பற்றிச் சொன்னாள், கொடியில் துணி இல்லாததைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான விஷயம் என்று அவளுக்கே பட்டது, ஆனால் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார், முடிந்ததும், "மழையில நனைஞ்சா உனக்குத் தும்மல் வருமே" என்றார். "அதுல வராதுங்க." "ஓ" என்றார், பொறாமையோ என்னவோ.

மீதி வேலை ஓடியது. மதர்போர்டைக் கேபினெட்டில் வைத்துத் திருகியாயிற்று, கிராபிக்ஸ் கார்டு ஆணி அடித்த காலண்டர்போல அசையாமல் உட்கார்ந்தாயிற்று, பவர் சுவிட்சின் ஒயர்முனை கொசுவின் காதளவு இருந்ததை அவர் டார்ச் அடிக்க, இவள் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் பிடித்துச் சொருகியாயிற்று. "தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டுக் கோதண்டபாணி சமையலறையிலிருந்து மோர் கடைகிற மத்தை எடுத்து வந்து, அதன் முனையால் சுவர் சுவிட்சைத் தட்டினார். இந்திராணி கேபினெட்டின் பொத்தானை அமுக்கினாள். விர்ரென்று எல்லா விசிறியும் சுற்றியது. சிவப்பு ஓடி நீலமாகி, நீலம் ஓடி ஊதாவாகி, பச்சை பிடித்து, மஞ்சள் தெறித்து, கூடம் பூராவும் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிட்டது. கோதண்டபாணி மத்தோடு நின்று வாய் பிளந்து பார்த்தார். "அடேயப்பா. இதான் விளையாட்டா? நல்லாத்தான் இருக்கு." இந்திராணி மானிட்டரைப் பார்த்தாள். கறுப்பு. கறுப்பில் "நோ சிக்னல்" என்று ஒரு சின்னப் பெட்டி மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருந்தது, அதன் கீழே "தயவுசெய்து".

கொன்றுவிட்டேன். முதலில் இதுதான் வந்தது. எதை என்று தெரியவில்லை. ஊசி வளைந்திருக்கும், சமமாக இருந்தது என்று பார்த்தேனே, கண்ணாடி போட்டுப் பார்த்தேனா கழற்றிப் பார்த்தேனா? காய்ந்த துணிதான் காரணம். பெயிண்ட் அடித்த கம்பிதான் காரணம். ஒற்றைக் கால் செருப்பு, பாதி மின்சாரம் இறங்கி, பாதி இறங்காமல் நின்றிருக்கும். பட்டாணிதான், பட்டாணி வழிந்து ஊசிகளுக்குள் போயிருக்கும், எந்தக் கடவுளுக்கும் இதைத் துடைத்து எடுக்க முடியாது. ஆசைப்பட்டதுதான் காரணம். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று ஒரு குடும்பப் பெண் எதற்கு நினைக்கவேண்டும், சாந்தமாக வளையல் வாங்கியிருந்தால் அது பாட்டுக்குக் கையில் கிடந்திருக்கும், நோ சிக்னல் என்று ஒருநாளும் சொல்லியிருக்காது. ஷாநவாஸுக்குப் போன் போட்டாள். ஞாயிறு, கடை மூடியிருந்தது, எடுக்கவில்லை. வேறு யாரைத் தெரியும்? வீடியோப் பையனைத் தெரியும், அவனுக்கு இவளைத் தெரியாது. தங்கை வீட்டுக்காரரைக் கேட்டால் ரேவதிக்குத் தெரியும், ரேவதிக்குத் தெரிந்தால் சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். விசிறிகள் எதுவும் நடக்காததுபோல வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தன. கோதண்டபாணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இவளைக் கேட்காமலே மறுபடி நிரஞ்சனுக்குப் போட்டுவிட்டார். "டேய், அம்மா அழுவுறாடா." "அழலடா" என்றாள் அவசரமாக, குரல் அழுதது. மூக்கால் விடுகிற அந்த மூச்சுக்காகக் கழுத்தைக் குறுக்கிக்கொண்டாள்.

மூச்சு வரவில்லை. "என்னம்மா ஆச்சு?" என்றான். சொன்னாள். உடனே, "ஃபேன்லாம் சுத்துதா?" "சுத்துதுடா, லைட்டெல்லாம் எரியுது." "மானிட்டர் கேபிளை எங்க சொருகினே, மேலயா கீழயா? கார்டுல இருக்கணும், போர்டுல இருக்கக்கூடாது." "கார்டுலதான்டா." "கார்டு புதுசா, பழசா?" "பழசு." "கார்டுக்குத் தனியா பவர் ஒயர் குடுத்தியா?" "குடுத்தேன்." டியூஷன் பிள்ளைபோல ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவன் குரல் வேகம் பிடித்துக்கொண்டே போனது. "அப்ப ரேம்தாம்மா. நூத்துக்குத் தொண்ணூறு ரேம்தான். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுக் கழட்டி மறுபடி மாட்டு. நல்லா அமுக்கணும். ரெண்டு முனையிலயும் டக்குன்னு சத்தம் வரணும்." கோதண்டபாணி மத்தால் சுவிட்சை அணைத்தார்.

கழற்றினாள். பள்ளத்தில் வைத்தாள். அமுக்கினாள். "இன்னும்" என்றது போன். "உடைஞ்சிடும்டா." "உடையாதும்மா. உன் கட்டைவிரல் வலிக்கணும். அதுவரைக்கும் அமுக்கு." ஆயுசில் யாரும் அவளை அப்படி ஒன்றைச் செய்யச் சொன்னதில்லை. மெதுவா கதவைச் சாத்து, மெதுவா பேசு, மெதுவா பாத்திரத்தை வை, மெதுவா சிரி. எத்தனையோ பேர் மெதுவா மெதுவா என்று சொல்லிச் சொல்லி அவள் கைக்கு அந்த ஒரு வேகம்தான் தெரியும், அந்த வேகத்தில்தான் இதையும் வைத்திருந்தாள், அதனால்தான் கேட்டதுபோலவும் இருந்தது, கேட்காததுபோலவும் இருந்தது. ஒற்றைச் செருப்பை உதறினாள். காலை ஊன்றிக்கொண்டு, மாவு உருண்டை இறுகிப்போன முறுக்கு அச்சை அழுத்துகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மதர்போர்டு அப்பளம்போல வளைந்தது. வளைந்தால் போச்சு என்று உள்ளே பஜனை கிளம்ப, போனால் போகட்டும் என்று இன்னும் அழுத்தினாள். டக். ஒரு முனை. டக். இன்னொன்று. சுண்டு விரலில் நெட்டி முறிந்த மாதிரி, அவ்வளவு சுத்தமான சத்தம்.

மத்து, சுவிட்சு, பொத்தான், விசிறி, வண்ணம். கறுப்பு. கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு திரை ஒரு தடவை கண் சிமிட்டி, வெள்ளை வெள்ளையாக எழுத்து வரிசை இறங்கியது. "என்ன போட்டிருக்கு?" என்று கோதண்டபாணி கேட்டார். உள்ளே இன்னும் எந்த புரோகிராமும் ஏற்றவில்லை, ஏற்றினால்தான் மேலே போவேன் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. இந்திராணிக்கு அதைப் போல அழகான வாசகத்தைப் படித்ததாக நினைவில்லை. "வந்துடுச்சுடா" என்றாள். அந்தப் பக்கம் பிள்ளை சிரித்தான். சின்ன வயசில் குளிக்கும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு, அது இன்னும் அவனிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. "எந்த கேம்மா போடப்போறே?" "பேர் தெரியலடா. ஒரு குதிரை இருக்கும். புல்லா இருக்கும். ஒரு மேடு ஏறினா மழை வரும்." "அதுவா!" என்றான். "மேடு ஏறி அந்தப் பக்கம் இறங்கினா ஒரு பாலம் வரும்மா. அதுல மட்டும் போயிடாதே, பாதியில உடைஞ்சிருக்கும், எல்லாரும் முதல்ல அங்கதான் விழுவாங்க. இடது பக்கமா ஆத்துலயே இறக்கிடு. பயப்படாதே. குதிரை நீந்தும்."

குதிரை நீந்தும். இந்திராணி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமும் சத்தம் நின்றுவிட்டது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். மூஞ்சி கழுவ நேரமில்லாத பிள்ளை. ஹாஸ்டல் பணம், கோச்சிங் பணம், புத்தகப் பணம், ஆத்துல இறக்கிடு. எத்தனை தடவை அந்தப் பாலத்தில் விழுந்து எழுந்திருந்தால் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வான்? வயிற்றில் கோபம் கிளம்பியது, நியாயமான கோபம், தாயின் கோபம், அது நெஞ்சுக்கு வருவதற்குள், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கிறது என்ற நினைப்பு குறுக்கே வந்து விழுந்துவிட்டது. ஆறு. அவன் அங்கே போயிருக்கிறான். "அம்மா?" என்றான் நிரஞ்சன் சின்னக் குரலில். அவள் போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். "ஆழமா இருக்குமாடா?" என்று மெல்லக் கேட்டாள்.

கோதண்டபாணி மத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். சந்தேகம் என்பது அந்த முகத்துக்குப் பழக்கமில்லாததால் அது பாதி வரைதான் வந்து நின்றது. "குதிரை நீந்தும்னு இவனுக்கு எப்படிடி தெரியும்?" என்றார்.

இந்திராணி போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பொது அறிவுங்க" என்றாள். "பரீட்சைக்கு வருமாம்."